கிழங்கு இருந்த இடம்

தாவரவியலில் பட்டம் வாங்கிவிட்டு ஒரு வருஷம் வீட்டில் சும்மா இருந்தேன். எழுபதுகளின் கடைசி அது. விழிதியூரில் படித்த பெண் சும்மா இருந்தால், வருகிறவர்கள் எல்லாம் மாப்பிள்ளைப் பேச்சைத்தான் எடுப்பார்கள். அந்தச் சமயத்தில் கல்லூரியில் எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியை ஆள் விட்டுச் சொன்னார். காரைக்காலில் ஒரு வீட்டில் பழைய பூப்படங்கள் நிறைய இருக்கின்றனவாம். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பெயரும், அது எங்கே வளரும் என்ற விவரமும் எழுதித் தர வேண்டுமாம். இரண்டு மூன்று மாத வேலை, போய்ப் பார் என்றார்.

பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்து வீடு. தெருப்பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. கதவைத் திறந்த அம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். தமிழ்க்காரர்தான், ஆனால் தெருவில் எல்லோரும் அவரைப் பிரெஞ்சு வழக்கப்படி மதாம் என்றார்கள். கணவர் பிரெஞ்சு சர்க்காரில் சைகோனில் உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்று, ஊர் திரும்பி, இறந்தும் பத்து வருஷம் ஆகிவிட்டது. மகன் பிரான்சில். மதாம் தமிழ் நன்றாகப் பேசுவார். படிக்கத் தெரிந்தது பிரெஞ்சு மட்டும். இப்போது இரண்டு கண்ணிலும் புரை விழுந்து அதுவும் முடியவில்லை.

"எந்த ஊரும்மா நீ?"

"விழிதியூருங்க."

நாற்காலியை இழுத்துக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது. என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பார்க்கிறாரா, காது கொடுக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"அங்கயே பொறந்தவளா?"

"ஆமாங்க. எங்க அப்பாவும் அங்கதான், விவசாயம்."

"நாளைக்கே வந்துடு" என்றார். நான் என்ன படித்தேன் என்று அவர் கேட்கவேயில்லை.

படங்கள் ஒரு கற்பூரமரப் பெட்டியில் இருந்தன. அறுபத்திரண்டு தாள்கள். அதற்கு முன் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. செம்புத் தகட்டில் கோடு கோடாகக் கீறி, மை தடவி, ஈரத்தாளில் அழுத்தி எடுத்த படங்கள். தகடு அழுந்திய இடம் தாளில் நாலு பக்கமும் பள்ளமாகத் தெரியும். அதன்மேல் கையால் வண்ணம் பூசியிருந்தார்கள். இருநூறு வருஷத்துக்கு முந்தி நம் கரையில் வந்து இறங்கிய ஒரு பிரெஞ்சுக்காரர் வரைந்துகொண்டுபோன காட்டுப்பூக்கள் என்று மதாம் சொன்னார். அவருடைய கணவர் இளவயதில் பாரீசில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கியவை. தாள் கெட்டியாகத் துணிபோல் இருந்தது. சில தாள்களில் தேமல் விழுந்த தோல் மாதிரி பழுப்புப் புள்ளிகள்.

எல்லாம் எனக்குத் தெரிந்த பூக்கள்தான். தும்பை, எருக்கு, நெருஞ்சி, ஆவாரை, ஊமத்தை, விஷ்ணுகிராந்தி, கண்டங்கத்தரி. வயல் வரப்பிலும் சுடுகாட்டு மேட்டிலும் தினம் மிதித்துக்கொண்டு போகிறவை. ஆனால் நிறங்கள் எங்கேயோ பிசகியிருந்தன. எருக்கம்பூ வானநீலமாக இருந்தது. ஊமத்தைக்கு ரோஜா நிறம்.

"வர்ணம் பூசுனது அங்க உள்ள பொம்பளப் புள்ளைங்க" என்றார் மதாம். "வரிசையா உக்காந்து, ஒருத்தி பச்சை மட்டும், அடுத்தவ செவப்பு மட்டும். ஒருத்தியும் இந்தப் பூவக் கண்ணால பாத்ததில்ல."

பழகிய ஆள் ஒருவர் வேறு யாருடைய கண்ணையோ வைத்துக்கொண்டு எதிரே நின்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மத்தியான நேரத்தில், சாத்திய ஜன்னல் இடுக்கில் வரும் வெளிச்சத்தில், அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டும்போது நான் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொள்வேன். முதுகுக்குப் பின்னால் இடம் இருப்பது பிடிக்கவில்லை.

முதல் வாரத்தில் ஒரு தாளைத் திருப்பியபோது பின்பக்கம் பென்சில் எழுத்து இருந்தது. தமிழில், பொடிப்பொடியாக. கணவர் எழுதியது.

"படிம்மா" என்றார் மதாம்.

படித்தேன். "கோட்டுச்சேரிமேடு. வலை காயப்போடும் மணல். அடப்பங்கொடி. நிறம் இது அல்ல, இன்னும் ஊதா."

ஓய்வு பெற்று வந்தபின் அவர் இந்தத் தாள்களை ஒவ்வொன்றாக உறையில் போட்டுக்கொண்டு, குடையோடு காரைக்கால் சுற்றுவட்டாரம் முழுக்க நடந்திருக்கிறார். படத்தில் இருந்த செடியை நேரில் தேடிப் பிடித்து, பார்த்த இடத்தைப் பின்னால் குறித்திருக்கிறார். மதாமுக்கு அது தெரியும். என்ன எழுதியிருந்தார் என்பது தெரியாது.

"போய் அங்க இருக்கான்னு பாத்துட்டு வா" என்றார்.

"அடப்பங்கொடி கடக்கர முழுக்கக் கெடக்கும் மதாம். பாக்கவே வேணாம்."

"பாத்துட்டு வா."

போனேன். மணல் முழுக்கக் கொடி படர்ந்து கிடந்தது. மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பூ எண்ண வந்தியா?" என்று கேட்டார்.

"என்னங்க?"

"கொடை புடிச்சிக்கிட்டு ஒரு அய்யா வருவாரு. குந்தி குந்திப் பூவ எண்ணுவாரு, எழுதுவாரு. ரொம்ப நாளா காணும்."

அவர் இறந்துவிட்டார் என்று சொல்ல எனக்கு ஏனோ வாய் வரவில்லை. வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. நான் தாளின் பின்பக்கத்தைப் படிப்பேன். மதாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "போய்ப் பாத்துட்டு வா" என்பார். ஊமத்தைத் தாளில், ஒரு பழைய அரசாங்கக் கட்டிடத்தின் பெயரை எழுதி, பின்சுவரில் மூன்றாவது தூணின் அடியில் ஒற்றைச் செடி என்று குறித்திருந்தார். போய்ப் பார்த்தால் மூன்றாவது தூணின் அடியில் ஒற்றை ஊமத்தை நின்றது. ஊமத்தைச் செடி இத்தனை வருஷம் உயிரோடு இருக்காது. விதை விழுந்து, முளைத்து, மறுபடி விதை விழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் விதை விழுந்தால் சுற்றிலும் பத்துச் செடி முளைக்கும். ஒன்றுதான் இருந்தது.

கண்டங்கத்தரிக்கு ஆற்றங்கரை மதகு. "பூ ஐந்து" என்று எழுதியிருந்தார். நல்ல உச்சிவெயில், கரையில் ஆள் நடமாட்டம் இல்லை. செடியைப் பார்த்ததும் எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் எண்ணினேன். ஐந்து. திரும்பி வேகமாக நடந்தேன். பேருந்து நிலையம் வந்த பிறகுதான் செருப்பு அறுந்திருந்ததே தெரிந்தது.

எல்லாம் அப்படியே இருந்தன என்று சொன்னால் பொய்யாகிவிடும். இரண்டு மூன்று இடங்களில் வீடு கட்டிவிட்டார்கள், ஓர் இடத்தில் ரோடு போட்டுவிட்டார்கள். ஆனால் தும்பை என்று குறித்திருந்த இடத்தில் எழுந்திருந்த புதுவீட்டின் படிக்கட்டு வெடிப்பில், தும்பைதான் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு முறை நான் திரும்பி வந்ததும் மதாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க மதாம்."

"அவர் பொய் எழுதல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். கணவர் செடியைப் பற்றி ஏன் பொய் எழுதப் போகிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. அறுபத்தோரு தாள்கள் முடிந்துவிட்டன. கடைசித் தாள் பெட்டிக்கு அடியில் வெள்ளைத்துணி சுற்றித் தனியாக இருந்தது. அதை மதாமே தடவி எடுத்து மேசைமேல் வைத்தார். துணியைப் பிரிக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

"இதுல என்ன எழுதியிருந்தாலும் எழுதியிருக்கறபடி படிக்கணும். எனக்காக எதையும் மாத்தக் கூடாது."

"சரிங்க."

செங்காந்தள். எங்கள் பக்கத்தில் கார்த்திகைப் பூ என்பார்கள். கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்குச் செடி என்றும் சொல்வதுண்டு. வண்ணம் பூசிய அந்தப் பெண்கள் இதற்கு மட்டும் நிறம் பிசகாமல் பூசியிருந்தார்கள். இதழ்கள் கீழே மஞ்சளும் மேலே சிவப்புமாக, தீ மேல்நோக்கி எரிகிற மாதிரியே. கொடியின் இலைநுனிகள் சுருண்டு எதையோ பற்றப் பார்த்தன. ஆனால் தண்டுக்குக் கீழே, கிழங்கு இருக்க வேண்டிய இடத்தில், கிழங்கு இல்லை. ஓட்டைதான் இருந்தது. கிழங்கின் வடிவத்திலேயே, வளைந்து, இரண்டு முனையும் கூர்ந்த ஓட்டை. ஓரமெல்லாம் கருகினாற்போல் கறுத்திருந்தது. தாளைத் தூக்கினால் அதன் வழியே மதாமின் வெள்ளைப் புடவை தெரிந்தது.

"கிழங்க யாரோ வெட்டியிருக்காங்க மதாம்."

"வெட்டல. அவர் மை ஊத்தித் தேச்சாரு. அந்தக் காலத்து மை. மை தாளத் தின்னுடுச்சு. பின்னால படி."

திருப்பினேன்.

எழுத்துக்கு மேலே பென்சிலில் ஒரு படம் இருந்தது. மற்ற எந்தத் தாளிலும் படம் போட்டதில்லை. கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண். தாவணி போட்டிருந்தாள். முன்பக்கத்து ஓட்டை இந்தப் பக்கம் அவள் கைக்கு அருகே வந்திருந்தது. அதையும் சேர்த்துத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள் போல. அகன்ற நெற்றி, இடது பக்கத்துத் தெத்துப்பல், சற்றே ஒரு பக்கமாகச் சாய்த்த தலை.

அது நான்.

ஹாலில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. தாளை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றேன். ரசம் போன கண்ணாடிதான், ஆனாலும் சந்தேகத்துக்கு இடமில்லை. பதினாறு வயதில் நான் எப்படி இருந்தேனோ அப்படியே. எனக்குப் பதினாறு வயது ஆவதற்குள் அந்த மனிதர் இறந்துவிட்டார். என்னை அவர் பார்த்ததில்லை.

"எங்க போன? படி" என்று மதாமின் குரல் வந்தது.

நின்ற இடத்திலிருந்தே படித்தேன். "விழிதியூர். வாய்க்கால் மேட்டுக் கிளுவை வேலி. கார்த்திகை, மழைவிட்ட மத்தியானம். பூ ஏழு. வழிகாட்டிய பெண்ணுக்குப் பதினாறு வயது இருக்கும். இதில் எது விஷம் என்று கேட்டாள். கிழங்கு என்று சொன்னேன். படத்தில் காட்டினேன். சரி என்று தலையாட்டினாள்."

கீழே, வேறு பென்சிலில், கோணல்மாணலாக ஒரு வரி. "நாலு நாள் கழித்துக் கேள்விப்பட்டேன்."

வெளியே மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. மதாம் சொன்னார். "சாவுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, காய்ச்சல்ல, விழிதியூர்ல ஒரு பொண்ணக் கொன்னுட்டேன்னு சொன்னாரு. அவ்வளவுதான். மேல கேட்டா அழுவாரு. இந்தத் தாள மட்டும் கட்டிக்கிட்டுக் கெடந்தாரு. பின்னால ஒரு பொண்ணோட படம் இருந்துச்சு, அப்ப எனக்குக் கண்ணு தெரிஞ்சிது. எழுத்துத்தான் தெரியல. யார்கிட்ட குடுத்துப் படிக்கச் சொல்றது? நான் என்னென்னவோ நெனச்சேன் குழந்த. பத்து வருஷமா நெனச்சிக்கிட்டே இருக்கேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெயிலில் என்னை ஒவ்வோர் இடமாக அனுப்பியது செடியைப் பார்க்க அல்ல. அறுபத்தோரு தாளில் அவர் எழுதியது உண்மையென்றால், அறுபத்திரண்டாவதும் உண்மையாக இருக்கும்.

"அந்தப் பொண்ணு யாருன்னு தெரியுமா ஒனக்கு?" என்றார்.

தெரியும் என்றுதான் நினைத்தேன். எனக்கு ஓர் அத்தை இருந்தார், அப்பாவின் தங்கை. எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது சுரத்தில் இறந்துபோனார் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் அவர் படம் கிடையாது. பேச்சும் கிடையாது. கல்யாணம் காட்சிகளில் வயதான உறவுக்காரர்கள் என்னைப் பார்த்துவிட்டு, பேசிக்கொண்டிருந்ததை நிறுத்துவார்கள். எனக்கு அது பழகியிருந்தது, காரணம் கேட்டதில்லை.

"அப்பாவக் கேக்குறேன் மதாம்" என்றேன்.

மறுநாள் மழை விட்டிருந்தது. அப்பா போரில் வைக்கோல் பிடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா, அத்தை எப்படிப்பா செத்தாங்க?"

"சொரம்."

"கிழங்குன்னு ஒருத்தரு எழுதி வச்சிருக்காருப்பா."

அப்பாவின் கை வைக்கோலுக்குள்ளேயே இருந்தது. வெளியே எடுக்கவில்லை. யார், எங்கே என்று கேட்டார். குடை பிடித்த மனிதர், படம், பின்பக்கத்து எழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தை மட்டும் சொல்லவில்லை.

"போலீசு, ஆஸ்பத்திரின்னு போனா அறுத்துப் போட்டுடுவாங்கன்னு பயந்து, சொரம்னு சொல்லி அன்னிக்கே எடுத்துட்டோம்" என்றார். "வேலியோரம் தோண்டுன குழி இருந்துச்சு. நான்தான் மூடுனேன். ஒங்கம்மாவத் தவிர யாருக்கும் தெரியாது."

"ஏம்ப்பா? என்ன ஆச்சு அவங்களுக்கு?"

"இன்னிக்கு வரைக்கும் தெரியல. நல்லாத்தான் இருந்தா. முந்தின நாள்கூட சிரிச்சிக்கிட்டுத்தான் சோறு போட்டா."

"அந்த அய்யா தன்னாலதான்னு நெனச்சிக்கிட்டே செத்துப்போயிருக்காரு. கிழங்குதான் விஷம்னு அவரு சொல்லிக் குடுத்துட்டாருன்னு."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இந்த ஊர்ல பொறந்த புள்ளைக்கு அத எவன் வந்து சொல்லிக் குடுக்கணும்? ஆடு ஓட்டிக்கிட்டுப் போகயில மொதல்ல கத்துக்கறதே அதான். ஒனக்குச் சொல்லிக் குடுத்ததே அவதான். நீ கைய நீட்டிப் பூவப் பிடிச்சப்ப, ஓடியாந்து ஒரு அடி போட்டா."

அந்த அடி எனக்கு ஞாபகம் இருந்தது. சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ ஒன்று, அதற்குக் கை நீட்டியது, மணிக்கட்டில் சுரீரென்று விழுந்த அடி. இத்தனை வருஷமும் அது அம்மாவின் கை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே பேருந்து ஏறிப் போய் மதாமிடம் சொன்னேன். அவருக்குக் கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அப்ப அவர் கொல்லல."

"இல்லீங்க மதாம். அத்தைக்கு முன்னாடியே தெரியும். அவரு சொல்லித் தெரிய வேண்டியதில்ல."

சிலுவை போட்டுக்கொண்டு பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தார். எனக்கும் பெரிய வேலை ஒன்று முடிந்தாற்போல் இருந்தது. காபி போட உள்ளே போனேன். திரும்பி வரும்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"தெரிஞ்சவ எதுக்குக் கேட்டா?"

அப்படி நான் யோசித்திருக்கவில்லை. டம்ளரைக் கையில் கொடுத்தேன். அவர் குடிக்காமல் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா கேக்குறன்னு யாராச்சும் திருப்பிக் கேக்கணும்னு இருந்திருப்பா. வீட்டு ஆள்கிட்ட கேக்க முடியல. வழியில வந்த கெழவனக் கேட்டுருக்கா." பிறகு, "மொகத்த இவ்வளவு நல்லாப் பாத்திருக்காரே மனுஷன்" என்றார். குரலில் இரக்கமும் இருந்தது, கோபமும் இருந்தது. காபி ஆறிப்போய் ஆடை கட்டியது.

அப்பா மறு வெள்ளிக்கிழமை, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, நான் கூப்பிடாமலே என்னோடு பேருந்து ஏறினார். மதாம் வீட்டு ஹாலில் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றார். நின்றபடியே தாளை இரண்டு கையாலும் வாங்கினார். ஓட்டையைப் பார்த்தார். திருப்பினார். அந்த முகத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். பதினேழு வருஷம் கழித்துத் தங்கையின் முகத்தைப் பார்க்கிறார். ஆனால் வீட்டில் தினம் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. நான் வயசுக்கு வந்த பிறகு அவர் என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசாததற்கு நான் வேறு காரணம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எடுத்துட்டுப் போங்க" என்றார் மதாம். "எம் மகன்கிட்ட ஒரு தாள் கொறையுதுன்னு சொல்லிடுறேன்."

"சொவத்துல மாட்ட முடியாதும்மா" என்றார் அப்பா. "செத்தவ படம்னா மாலை போடணும். போட்டா எம் மக படத்துக்குப் போட்ட மாதிரி இருக்கும்."

"மாட்ட வேணாம். வச்சிருங்க."

கன்னியாக இறந்துபோன பெண்ணுக்கு வருஷம் ஒரு தடவை வீட்டில் துணி வைத்துப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தைக்கு ஒரு தடவைகூடச் செய்ததில்லை. படைத்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் உண்மை வரும் என்று விட்டுவிட்டார்கள். அந்த வருஷம் அம்மாதான் செய்தே ஆகவேண்டும் என்றார். பச்சைப் பாவாடையும் மஞ்சள் தாவணியும் வாங்கிவந்து, வாழையிலையில் சோறும் கொழுக்கட்டையும் வைத்து, விளக்கேற்றி, துணியை மடித்து விளக்குக்கு முன்னால் வைத்தார்கள். தாளையும் பக்கத்தில் வைத்தார்கள், முகம் மேலே இருக்கும்படி. நல்ல பகல், வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஓட்டை வழியாகக் கீழே விரித்த இலையின் பச்சை தெரிந்தது.

படைத்த துணியை வீட்டுப் பெண் உடுத்திக்கொள்ள வேண்டும். வீட்டில் நான் ஒருத்திதான். தாவணி போட்டு ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. கூச்சமாக இருந்தது, ஆனாலும் உடுத்திக்கொண்டு வந்து நின்றேன். அம்மா என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

அப்பா தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார். கை கழுவினார். நேராக என் முன்னால் வந்து நின்றார். இந்த முறை என் முகத்தைப் பார்த்தார்.

"எங்கிட்ட ஏம்மா கேக்கல?" என்றார். "யாரோ ஒரு வழிப்போக்கனக் கேட்ட. எங்கிட்ட ஏன் கேக்கல?"

"நீ கோட்டுச்சேரிக்கு நாத்து வாங்கப் போயிருந்தியே அண்ணே" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் வாய் என்ன சொன்னது என்று என் காதுக்குக் கேட்டது. அப்பாவை நான் ஒரு நாளும் நீ என்று சொன்னதில்லை, அண்ணே என்றும் கூப்பிட்டதில்லை. தூணைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா பயப்படவில்லை. அழவும் இல்லை. மெல்லத் தலையை ஆட்டினார். "ஆமா. வெள்ளத்துல நடவு அழுகிப்போச்சு. ரெண்டு நாள் அங்கயே தங்கிட்டேன்" என்றார், அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்வது மாதிரி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனார். சாயங்காலம் வந்து என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். அதற்குப் பிறகு கடைசிவரை என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

எண்பதுகளில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. மதாம் அதற்கடுத்த வருஷம் காலமானார். மகன் வந்து வீட்டை விற்றுவிட்டு, பெட்டியோடு படங்களை எடுத்துக்கொண்டு போனார். நான் எழுதிக் கொடுத்த தமிழ்ப் பெயர்ப் பட்டியல் அவருக்குப் பயன்பட்டதா என்று தெரியாது. எங்கள் தாள், அந்தப் பாவாடை தாவணியோடு தகரப் பெட்டியில் இருக்கிறது.

படையல் நடந்து சில நாள் கழித்து, அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல் கேட்டார். "ஒங்கப்பா நாத்து வாங்கப் போனது ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா."

"நானும் சொன்னதில்ல" என்றார் அம்மா.

அப்பா நாற்று வாங்கப் போனபோது எனக்கு ஐந்து வயது. பெரியவர்கள் பேசியது காதில் விழுந்து எங்கேயாவது உள்ளே கிடந்திருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அம்மா அதற்கப்புறம் அதைக் கேட்கவில்லை. முறத்தை ஒரு தட்டுத் தட்டி, உமியை வாசல் பக்கம் ஊதினார்.